மஞ்சள் வெட்டும் மாதங்களில் அடுப்பும் வீட்டுக் கணக்கும்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்து ஊர்களில், தை பிறந்துவிட்டால் பொழுது வீட்டாரின் கையில் இருப்பதில்லை. வைகாசியிலோ ஆனியிலோ நட்ட மஞ்சளுக்கு எட்டு ஒன்பது மாதம் நிறைந்து தழை காய்ந்திருக்கும். தழையை அறுத்து, கிழங்கை வெட்டியெடுத்து, ஓரிரு நாட்களுக்குள் வேக வைத்து, பத்துப் பதினைந்து நாள் களத்தில் காய வைத்து, பாலிஷ் போட்டு மூட்டை பிடிக்கும் வரை ஒரு வேலை அடுத்த வேலையைத் துரத்திக்கொண்டே வரும். தை, மாசி, பங்குனி என்ற அதே மூன்று மாதங்களில்தான் தைப்பூசம் வருகிறது. மார்கழியில் நின்றிருந்த கல்யாணங்களெல்லாம் வரிசை கட்டுகின்றன. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வருகிறது. திருப்பூர்க் கம்பெனிக்குப் போகிறவருக்கு, ஷிப்மென்ட் நெருக்கினால் ஒன்றரை ஷிப்டு வேலையும் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஆறு பேர். கணவர் காட்டைப் பார்க்கிறார், கொழுந்தனார் வேனில் திருப்பூருக்குப் போய்வருகிறார், மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, மகன் பிளஸ் டூ, மகள் நான்காம் வகுப்பு, ஆறாவது ஆள் நான். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் இந்த மூன்று மாதங்களுக்கும் சாப்பாட்டையும் செலவையும் அன்றாட ஒழுங்கையும் எப்படி நடத்தலாம் என்று, சில ஆண்டுகள் தவறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மஞ்சள் போடாத வீடுகளில் கரும்பு வெட்டோ கம்பெனி சீசனோ இருக்கும். முறையைத் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கிழமைக்குப் பட்டியல் போட வேண்டாம்

முதல் ஆண்டில் நான் ஒரு முழு மாதத்துக்கும் தேதி வாரியாகச் சமையல் பட்டியல் எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்தேன். மூன்றாம் நாளே அது குலைந்தது. வியாழக்கிழமை வர வேண்டிய வேக வைக்கும் பாய்லர், வேறொருவர் தள்ளிப்போட்டதால் செவ்வாய்க்கிழமை மாலையே எங்கள் களத்துக்கு வந்து நின்றது. அன்று பட்டியலில் இருந்தது, இடியாப்பம் போன்ற சந்தகை. அரிசியை ஊற வைத்து, அரைத்து, வேக வைத்து, சந்தகை மரத்தில் பிழிந்து முடிக்கக் குறைந்தது இரண்டு பேரின் கை வேண்டும் என்பது கொங்கு நாட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன் பிறகு நாட்களைத் தேதியால் பிரிப்பதை விட்டுவிட்டு, வேலையின் தன்மையால் பிரிக்கத் தொடங்கினோம். எங்களுக்கு நான்கு வகை நாட்கள் போதுமானவையாக இருக்கின்றன: ஆட்கள் வந்து கிழங்கு எடுக்கும் வெட்டு நாள், பாய்லர் ஓடும் வேக்காட்டு நாள், களத்தில் மஞ்சள் காயும் காய்ச்சல் நாள், கல்யாணமோ கோயிலோ போகும் விசேஷ நாள். (காய்ச்சல் நாள் என்று மகள் பலகையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, வந்த உறவினர் ஒருவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டார்.) ஒவ்வொரு வகைக்கும் இரண்டு அல்லது மூன்று சாப்பாட்டு ஏற்பாடுகளை மட்டும் முடிவு செய்துகொண்டால், எந்த வகை நாள் எந்தத் தேதியில் வந்து விழுந்தாலும் சமையல் தடுமாறாது. முந்தின நாள் இரவு, மறுநாள் எந்த வகை என்பதை அடுக்களை வாசலில் உள்ள சிறு பலகையில் எழுதுவது மகளின் பொறுப்பு. காலையில் எழுந்து வருகிறவர் யாராக இருந்தாலும், என்ன சமைப்பது என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை.

நாட்காட்டியும் வேண்டும்தான், ஆனால் அதில் நகர்த்த முடியாதவற்றை மட்டும் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் நாம் கட்டாயம் போக வேண்டியவை, பொதுத்தேர்வு நாட்கள், தைப்பூசம், மாமியாரின் மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதில் அடங்கும். மஞ்சள் வேலையை அதில் எழுதக் கூடாது. அது பென்சிலால் கூட எழுதத் தகுந்ததல்ல.

இதோடு, ஒரு நாளில் வீடு மிகவும் நெருக்கப்படும் நேரம் எது என்பதையும் கண்டுகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. களத்து மஞ்சளைக் கூட்டிக் குவித்துப் பனி இறங்குமுன் தார்ப்பாய் போட வேண்டிய நேரம் அது; மகள் பசியோடு இருப்பாள், மாடு கறக்க வேண்டும், மாமியார் இரவு மாத்திரை போடுமுன் சாப்பிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் சோறு வடிப்பதைத் தவிர வேறு அடுப்பு வேலை இருக்கக் கூடாது என்று முடிவு செய்ததுதான் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகவும் பயன் தந்தது. இரவுக்கான குழம்பும் பொரியலும் முற்பகல் பதினோரு மணிக்கே மதியச் சமையலோடு சேர்ந்து முடிந்துவிடுகின்றன.

மார்கழியில் செய்ய வேண்டியவை

மார்கழியில் கல்யாணம் இல்லை, வெட்டும் தொடங்கியிருக்காது. மார்கழிக் கடைசியில் காப்புக் கட்டும் நாளுக்கு முன்பே செலவுச் சாமான் (மசாலா, மளிகை) வேலைகளை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்பதை ஓர் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் கூரையில் ஏறிய பிறகு, மில்லுக்கு மிளகாயைத் தூக்கிக்கொண்டு போக நேரம் கிடைக்காது. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி ஆகிய நான்கும் மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு இருக்க வேண்டும். மார்கழி வெயில் மந்தமாக இருப்பதால் மிளகாயையும் மல்லியையும் கூடுதலாக ஓரிரு நாள் உச்சி வெயிலில் காய வைத்து, பொடி சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, துவரம் பருப்பு ஆகியவற்றைப் புடைத்துக் கல் பொறுக்கி வைத்துவிட்டால், வேலை நாளின் இரவில் ஊறப் போடுவது ஒரு நிமிட வேலையாகிவிடும். புளியைக் கொட்டை நீக்கி, ஒரு நாள் குழம்புக்கு ஓர் உருண்டை என்று உருட்டி வைப்பது என் மாமியாரின் பழக்கம். முதலில் இது எனக்கு வீண் வேலையாகத் தோன்றியது, இப்போது நானும் செய்கிறேன்.

ஒவ்வொரு வகை நாளுக்கும் உரிய சாப்பாடு

வெட்டு நாளில் ஏழு மணிக்கே ஆட்கள் காட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதால், காலைச் சாப்பாடு முந்தின இரவே பாதி முடிந்திருக்க வேண்டும். கம்பையோ ராகியையோ இரவில் களியாகக் கிண்டி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டால், வெயிலில் நிற்கப் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான உணவு இல்லை. பிள்ளைகள் கூழைத் தொடுவதில்லை என்ற குறை எல்லா வீடுகளிலும் இருக்கிறது, அவர்களுக்கு இட்லி. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் அது மாநிலம் முழுவதும் நடக்கிறது. மகளுக்குக் காலையில் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும் கொடுத்து, பள்ளியில் சாப்பிடச் சொன்ன பிறகு எங்கள் காலை நேரத்தில் கால் மணி நேரம் மிச்சமாயிற்று. பள்ளியில் உணவு இருக்கும்போது, வீட்டில் ஊட்டாமல் அனுப்பினால் தாய்மை குறைந்துவிடும் என்று எண்ணிக்கொள்வதில் பொருளில்லை என்பது என் எண்ணம்.

வெட்டு நாளின் மதியச் சாப்பாடு காட்டுக்குப் போகிறது. இதற்குக் கொள்ளு மிகவும் கைகொடுக்கும். ஒரு டம்ளர் கொள்ளை இரவே ஊற வைத்துக் குக்கரில் நன்றாக வேக விட்டு, வெந்த நீரைத் தனியே வடித்துக்கொள்ள வேண்டும். பருப்பை மிளகாய், மல்லி, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப்பருப்பு ஆகிறது; வடித்த நீரில் புளியும் தக்காளியும் கரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் ரசம் ஆகிறது. ஒரு முறை அடுப்பேற்றியதில் சோற்றுக்கு இரண்டு வகை கிடைத்துவிடுகிறது. மாசி பாதிக்கு மேல் வெயில் ஏறும்போது, கொள்ளு சூடு என்று பெரியவர்கள் தடுப்பார்கள்; அப்போது அதே முறையில் பச்சைப்பயறு கடைசலுக்கு மாறிக்கொள்ளலாம். காட்டுக்குப் போகும் தூக்கில் தேங்காய் அரைத்த சட்னியோ குழம்போ வேண்டாம். ஒரு முறை தேங்காய்ச் சட்னியோடு கட்டிக் கொடுத்தனுப்பி, மதியம் அது நுரைத்துப் போய், கணவர் வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று மாலை எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆட்களுக்கு முற்பகலிலும் மாலையிலும் கொடுக்கும் டீயையும் பலகாரத்தையும் வீட்டில் செய்ய முயலாமல் கடையில் வாங்கிவிடுவதே சரி. அந்தச் செலவை அறுவடைச் செலவில் எழுத வேண்டும், வீட்டுச் செலவில் எழுதக் கூடாது.

வேக்காட்டு நாள் பெரும்பாலும் இரவு வரை நீளும். கிழங்கு பதமாக வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டியிருப்பதால், பெரியவர் ஒருவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அன்று இரவுக்கு அரிசிம்பருப்புச் சாதத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு என்ற கணக்கில் களைந்து வைத்துக்கொண்டு, குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வர மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தைக் கைநிறையப் போட்டுப் பூண்டும் தக்காளியும் வதக்கி, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, டம்ளருக்கு மூன்றே கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விட்டால் போதும். நெய்யும் தயிரும் அப்பளமும் இருந்தால் வேறு தொட்டுக்கொள்ள வேண்டாம். இதைச் செய்ய என் மகனுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சொல்லிக் கொடுத்தேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை அடுப்படியில் நிறுத்தலாமா என்று உறவில் சிலர் கேட்டார்கள். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிப்பவனுக்கு இருபது நிமிடம் வெங்காயம் உரிப்பது ஓய்வுதான் என்று அவனே பதில் சொல்லிவிட்டான்.

காய்ச்சல் நாட்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவரக் கிடைக்கும் நாட்களும் அவைதான். காலையில் பரப்பிவிட்டால் மாலை வரை ஆட்டையும் கோழியையும் விரட்ட ஒருவர் களத்தோரம் இருந்தால் போதும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில் முறம் கொடுத்துவிடலாம்: கீரை ஆய்வது, முருங்கை உருவுவது, மறுநாளைக்கு வெங்காயம் உரிப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். காய்கறியை அளவாகப் போட்டு முழுச் சமையல் செய்வதற்கும், மாவு அரைப்பதற்கும் இந்த நாட்களையே ஒதுக்க வேண்டும். மாசிக்கு மேல் மாவு விரைவில் பொங்கிவிடும். மார்கழியைப் போல இரவு முழுவதும் வெளியே வைத்தால் காலையில் புளித்துத் தரையில் வழிந்திருக்கும். கொஞ்சம் பொங்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் ஓடும்.

விசேஷ நாட்களில் கல்யாண வீட்டிலேயே சாப்பாடு முடிந்துவிடுகிறது என்று அடுப்பை மறந்துவிடக் கூடாது. வீட்டில் தங்கிவிடும் முதியவருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் சோறும் தயிரும் பொடியும் எடுத்து வைத்துவிட்டே கிளம்ப வேண்டும். இரவுக்குச் சோறும் பச்சைப்புளி ரசமும் போதும். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயத்தையும் சீரகத்தையும் தட்டிப் போட்டு, சுட்ட வர மிளகாயையும் கொத்தமல்லியையும் பிசைந்து விட்டால் ஆயிற்று. கொதிக்க வைக்கும் வேலையே இல்லை. இலை நிறைய இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிட்டு வந்த வயிறும் அதைத்தான் கேட்கிறது.

யார், எப்போது

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையை இந்த மூன்று மாதங்களுக்கு வாரத்தில் ஒரு வேளையாகச் சுருக்கிக்கொள்வது நல்லது. கொழுந்தனாருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை; ஆகவே எங்களுக்கு அது ஞாயிறு காலை. மதியத்தை வைத்திருந்தோம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் கல்யாணம் வருவதால் அது நிலைக்கவில்லை. மற்ற நாட்களில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறப்படும், வராதவர்களின் பங்கு ஹாட் பாக்ஸில் போகும். சர்க்கரை உள்ளவரை, வேலைக்குப் போனவர் வரட்டும் என்று ஒன்பது மணி வரை காக்க வைப்பது அன்பாகாது. மாமியார் முதலில் இதற்கு ஒப்பவில்லை. “எம் பையன் காட்டுல நிக்கையில நான் எப்படிச் சாப்பிடறது கண்ணு?” என்றார். மாத்திரைச் சீட்டில் இருந்த நேரத்தைப் பேத்தி சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் தட்டின் முன் உட்கார்ந்தார்.

வேலைகளைப் பிரிக்கும்போது, உதவி என்ற சொல்லைத் தவிர்த்து முழுப் பொறுப்பாகவே கொடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருப்பது கொழுந்தனார் பொறுப்பு என்றால், மோட்டார் போடுவதிலிருந்து நிறுத்துவது வரை அவருடையது. நினைவூட்டும் வேலை என்னிடம் வரக் கூடாது. காய்கறி வாங்குவது கணவரின் பொறுப்பு. பெருந்துறைக்குப் போகும் வேலை எப்படியும் இருக்கும். துணி துவைப்பதை வாரம் மூன்று நாளாகக் குறைத்துவிட்டோம். வீடு மெழுகித் துடைப்பது வாரம் ஒரு நாள்தான்; இந்த மாதங்களில் களத்து மஞ்சள் தூசி எப்படியும் உள்ளே வரும், அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஒரு பருவத்துக்கு ஒரே குறிக்கோள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், ஒழுகும் தண்ணீர்த் தொட்டியைக் கட்டுவது, குளியலறைக்கு டைல்ஸ் போடுவது, மகனுக்கு வண்டி வாங்குவது என்று மூன்றை எழுதி வைத்தோம். சித்திரையில் பார்த்தபோது மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகியிருந்தது, ஒன்றும் முடியவில்லை. பருவத்தில் செலவு முன்னால் ஓடுகிறது, வரவு பின்னால் வருகிறது என்பதை நாங்கள் கணக்கில் எடுக்காததே காரணம். வெட்டுக்கூலி, வேக வைக்கும் வாடகை, பாலிஷ் கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான் மூட்டை ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் அன்றைய ஏலத்தில் நம் குவியலுக்கு என்ன விலை விழும் என்பதை வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது. ஈரக் கிழங்கில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் காய்ந்த மஞ்சளாக நிற்கும் என்பதால், வெட்டும்போது மலைபோலத் தெரிந்த குவியலைப் பார்த்துச் செலவுத் திட்டம் போடுவதும் தவறு. ஆகவே குறிக்கோளை, வரப்போகும் மஞ்சள் பணத்தின் மேல் ஏற்றாமல், கையில் வாராவாரம் வரும் பணத்தின் மேல் வைக்க வேண்டும். எங்களுக்கு அது பால் பணமும் கொழுந்தனார் தரும் சம்பளப் பங்கும். சென்ற ஆண்டு தொட்டி ஒன்றை மட்டும் எழுதினோம். பங்குனி முடிவதற்குள் கட்டி முடித்தோம்.

இந்த மாதங்களில் கணக்கைக் கவிழ்ப்பது சாப்பாட்டுச் செலவைவிட மொய்தான். மார்கழியிலேயே மொய் நோட்டை எடுத்து, யார் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, வரப்போகும் பத்திரிகைகளை மனத்தில் கொண்டு ஒரு தொகையைத் தனி டப்பாவில் போட்டு வைத்துவிட வேண்டும். செய்த மொய்யைத் திருப்பிச் செய்வதில் குறைக்க இடமில்லை; போகும் வண்டியிலும் எடுக்கும் சேலையிலும் இடமிருக்கிறது. அந்த டப்பாவில் கை வைத்துக் கூலி கொடுக்க மாட்டோம் என்று கணவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஒரு முறை மீறப்பட்டது, மீறியவர் நான்.

குலையும்போது

எந்த ஏற்பாடும் பருவத்தில் இரண்டு மூன்று முறை குலையும். காயும் மஞ்சளின் மேல் எதிர்பாராத மழை தூறினால், வீட்டில் உள்ள அத்தனை கைகளும் களத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இரவுகளுக்காக ரவையும் சேமியாவும் வறுத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். கடையிலிருந்து பரோட்டா வாங்கி வரச் சொன்னாலும் குற்ற உணர்ச்சி கொள்வதில்லை. மறுநாள் விட்டுப்போனதை ஈடு கட்ட முயலாமல், பலகையில் எழுதியிருக்கும் வகை நாளின் சமையலுக்கே திரும்பிவிட வேண்டும். தள்ளிப்போட்ட சந்தகையும் ஒப்புட்டும் (போளி) பாலிஷ் முடிந்த வாரத்தில் செய்துகொள்ளலாம்.

கடைசி மூட்டை வண்டி ஏறிய அன்று, எது எப்போது தீர்ந்தது, எது மிஞ்சியது என்பதை நினைவு இருக்கும்போதே நோட்டில் எழுதிவிட வேண்டும். அடுத்த மார்கழிக்கு அந்தப் பக்கம்தான் பட்டியல். இந்த ஆண்டு எங்கள் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: மல்லிப் பொடி மாசி 20-இல் தீர்ந்தது, ஒரு கிலோ கூட்ட வேண்டும். எள்ளுப் பொடி பாதி மிச்சம். தார்ப்பாயில் இரண்டு இடத்தில் கிழிசல். இன்னொரு ஹாட் பாக்ஸ் வாங்க வேண்டும்.